திருமலைக் கணக்கைத் திருமலையே எழுதட்டும்!

வணிக முகாமைத்துவம் என்பது ஏட்டுச் சூத்திரங்களை மனனஞ் செய்து, தேர்வெழுதிப் பட்டம் பெறுவதோடு முடிந்துவிடும் கல்வியன்று. ஒரு நிறுவனம் ஒரு காலத்தில் எதிர்கொண்ட இக்கட்டை, அன்று அதன் தலைவர்கள் கையிலிருந்த கணக்குகளோடும் செய்திகளோடும் மாணவர் முன் வைத்து, "அவ்விடத்தில் நீர் இருந்திருந்தால் யாது செய்திருப்பீர்?" என்று கேட்பதே விடய ஆய்வு முறை. 1870ஆம் ஆண்டில் ஹார்வார்டுப் பல்கலைக்கழகத்திலே சட்டக் கல்விக்கென லாங்டெல் தொடங்கிவைத்த இம்முறையை, 1908இல் தோன்றிய அப்பல்கலைக்கழகத்தின் வணிகப் பள்ளி தனதாக்கிக்கொண்டது. இன்று உலகெங்கும் வணிகம் பயில்வோர் இம்முறையை அறிவர். ஆசிரியர் வினாத் தொடுக்கிறார். மாணவர் வாதிட்டு முடிவு காண்கின்றனர்.

முறை நல்லது. ஆனால் யாருடைய விடயத்தை ஆராய்வது என்ற கேள்வி எழுகின்றதன்றோ? அமெரிக்க நிறுவனமொன்றின் இலாப நட்டத்தை ஆராயும் இளைஞனுக்கு அறிவு கூர்மையடையலாம்; ஆனால் தன் ஊர்த் துறைமுகத்தில் நங்கூரமிட்டு நிற்கும் கப்பல் எதை இறக்குகிறது, எதை ஏற்றுகிறது, அதில் யாருக்கு என்ன ஆதாயம் என்பதை அவன் அறியாதிருந்தால், அக்கல்வி பாதிக் கல்வியே.

பிறர் இதனை உணர்ந்து செயற்பட்டுள்ளனர். 1961இல் நிறுவப்பட்ட அகமதாபாத் இந்திய முகாமைத்துவக் கழகம் ஹார்வார்டிடமிருந்து முறையைக் கடன் வாங்கியது. ஆனால் விடயங்களை இந்தியத் தொழில்களிலிருந்து தானே எழுதத் தலைப்பட்டது. நம் தமிழ் மண்ணுக்கும் இதில் ஒரு கதை உண்டு. 1976இல் மதுரையில் மருத்துவர் கோ. வெங்கடசாமி 11 படுக்கைகளோடு தொடங்கிய அரவிந்த் கண் மருத்துவமனை, 1993இல் ஹார்வார்டு வணிகப் பள்ளியின் பாடமாயிற்று. மதுரை உலகுக்குப் பாடமாக முடியுமாயின், திருமலை ஏன் தன் மக்களுக்கேனும் பாடமாகக் கூடாது?

கிழக்குப் பல்கலைக்கழகத்தின் திருகோணமலை வளாகம் நிலாவெளிப் பக்கத்துக் கோணேசபுரியில் இருக்கிறது. அங்கே தொடர்பாடல், வணிகக் கற்கைகள் பீடமும் உண்டு. அவ்விடத்திலிருந்து சில கல் தொலைவில் இருப்பது உலகின் பெருந் துறைமுகங்களுள் ஒன்று. அதன் கரையிலே எழுதப்படாத பாடநூல்கள் வரிசையாகக் கிடக்கின்றன.

சீனன்குடாவைப் பாருங்கள். கோதுமை விளையாத இந்நாட்டில், சிங்கப்பூர்ப் பிரீமா நிறுவனம் 1977இல் ஒப்பந்தம் செய்து, 1980இல் மா ஆலையை இயக்கத் தொடங்கியது. அடுத்து, ஏ. வை. எஸ். ஞானம் அவர்கள் ஜப்பானியக் கூட்டுடன் 1982இல் நிறுவிய டோக்கியோ சீமெந்து, கப்பலில் வந்திறங்கும் கிளிங்கரை அரைத்துச் சீமெந்தாக்குகிறது. இவ்விரண்டையும் இங்கு ஈர்த்தது துறைமுகத்தின் ஆழமே. மூலப்பொருள் வெளியிலிருந்து வருகிறது. முடித்த பொருளாய் இங்கிருந்து செல்கிறது.

மாவட்டத்தின் வடகோடியிலுள்ள புல்மோட்டையிலோ நிலைமை தலைகீழ். அங்குள்ள இல்மனைட், ரூட்டைல், சேர்க்கன் ஆகிய கனிய மணல் நம் கடற்கரைச் செல்வம். 1957இல் அதற்கென அரச கூட்டுத்தாபனமும் அமைக்கப்பட்டது. ஆயினும் அம்மணலின் பெரும்பகுதி இன்றும் மூலப்பொருளாகவே கப்பலேறுகிறது; அதிலிருந்து வெண்பூச்சு செய்து பெரும்பொருள் ஈட்டுவோர் பிற நாட்டார். பிறர் நாட்டுக் கோதுமை இங்கே மாவாகிறது. நம் நாட்டு மணல் மணலாகவே போகிறது! இதற்குக் காரணம் முதலின்மையா, மின்விலையா, தொழில்நுட்பமா, அன்றி அரசாங்கத்தின் அசட்டையா? இதைவிடச் சிறந்த தேர்வு வினா வேறெங்குளது?

எண்ணெய்க் குதங்களின் கதை இன்னும் பெரிது. ஆங்கிலேயர் தம் கடற்படைக்கெனக் கட்டியவற்றுள் எஞ்சிய 99 குதங்களிற் பெரும்பாலானவை பல பத்தாண்டுகள் காடுமண்டிக் கிடந்தன. 2003இல் லங்கா ஐ.ஓ.சி.யோடு ஒப்பந்தம் செய்யப்பட்டது. 2022 சனவரியில் புதிய உடன்பாடு எழுந்தது. அதன்படி ஐ.ஓ.சி.க்கு 14, பெற்றோலியக் கூட்டுத்தாபனத்துக்கு 24, கூட்டு நிறுவனத்துக்கு 61 என்று குதங்கள் பங்கிடப்பட்டன. கூட்டு நிறுவனத்தில் கூட்டுத்தாபனத்துக்கு நூற்றுக்கு 51 பங்கு. இப்பங்கீடு நன்றா தீதா என்று மேடையில் முழங்குவோர் பலர். கணக்குப் போட்டுக் காட்டுவோர் எத்தனை பேர்?

"நிறுவனங்கள் தம் ஏடுகளை மாணவருக்குத் திறந்து காட்டுமா?" என்று சிலர் வினவலாம். எல்லா ஏடுகளும் வேண்டியதில்லை. டோக்கியோ சீமெந்தும் லங்கா ஐ.ஓ.சி.யும் கொழும்புப் பங்குச் சந்தையில் இடம்பெற்றவை, ஆண்டறிக்கை வெளியிடுபவை. அரச நிறுவனங்களின் கணக்கைக் கணக்காய்வாளர் தலைமை அதிபதி ஆராய்ந்து நாடாளுமன்றத்துக்கு அறிக்கை செய்கிறார். போதாதவற்றைக் கேட்டுப் பெற 2016ஆம் ஆண்டின் தகவல் அறியும் உரிமைச் சட்டம் இருக்கிறது.

ஆனால் ஓர் எச்சரிக்கை. விடய ஆய்வு முறைக்கு ஒரு குறையுண்டு. அது மாணவனை எப்போதும் முகாமையாளரின் நாற்காலியிலேயே அமர்த்துகிறது. சம்பூரை எண்ணுங்கள். 2006இல் போரினால் அவ்வூர் மக்கள் பெயர்ந்தனர். 2011இல் அங்கே அனல்மின் நிலையம் அமைக்க இலங்கை மின்சார சபையும் இந்தியத் தேசிய அனல்மின் கழகமும் உடன்பட்டன; 2016இல் அத்திட்டம் கைவிடப்பட்டது. மெகாவாட்டுக் கணக்கை மட்டும் படிப்பவன் கண்ணுக்கு, வீடிழந்தோரின் ஆண்டுகள் எந்தப் பத்தியிலும் தெரியா. ஆகவே மீனவரும், ஆலைத் தொழிலாளரும், நிலமிழந்தோரும் வகுப்பறைக்கு அழைக்கப்படவேண்டும். அவர்கள் வாய்மொழியும் கணக்கேட்டின் ஒரு பக்கமே.

நாம் கேட்பது பெரிதன்று. ஆண்டுதோறும் இறுதியாண்டு மாணவர் இம்மாவட்டத்துத் தொழிலொன்றைப் பற்றி ஒரு விடயத்தையேனும் எழுதட்டும். அதனை ஆங்கிலத்தோடு தமிழிலும் சிங்களத்திலும் அச்சிட்டு, நூலகங்களிலும் கூட்டுறவுச் சங்கங்களிலும் வைக்கட்டும். தமிழரும் முஸ்லிம்களும் சிங்களவரும் ஒருங்கே வாழும் இம்மாவட்டத்தில், பொதுச் சொத்தின் கணக்கு எல்லோரும் படிக்கத்தக்கதாய் இருத்தல் வேண்டும்.

இத்துறைமுகத்தின் விதியைக் கடல் கடந்த தலைநகரங்களும் கொழும்பும் காலங்காலமாக எழுதிவந்துள்ளன. ஒப்பந்தத்தைப் படித்துப் பொருளுணர்ந்து, எதிர்க்கணக்குப் போட்டுக் காட்டவல்ல ஒரு தலைமுறை இங்கே எழாதவரை, நம் எதிர்ப்பு வெறுங் கூச்சலாகவும் நம் ஆதரவு வெறுந் தலையாட்டலாகவுமே எண்ணப்படும். உரிமை கேட்போன் கணக்கும் அறிந்திருக்க வேண்டும். கோணேசபுரியின் வகுப்பறைகள் அதற்கு வழிகாட்டுக!