கொட்டகை மூடுகிறது என்று மகிழ்வோருக்கு

அண்மையில் ஒரு நிக்காஹ் விருந்துக்குச் சென்றிருந்தேன். மண்டபம் புதியது, இடம் பழையது. என் இளமைக் காலத்தில் அங்கே ஒரு சினிமாக் கொட்டகை நின்றது. திரை தொங்கிய இடத்தில் இப்போது மணமேடை. டிக்கெட் கொடுத்த சந்துப் பக்கம் கை கழுவும் தொட்டிகள். ஒரே ஸஹனில் என்னோடு அமர்ந்திருந்த பெரியவர் ஒருவர் சுற்றிலும் பார்த்துவிட்டு, “பார்த்தீரா தம்பி! ஷைத்தான் குடியிருந்த இடத்தை அல்லாஹ் நிக்காஹ் நடக்கும் இடமாக மாற்றிவிட்டான். நாம் ஐம்பது ஆண்டுகளாகத் தொண்டை கிழியச் சொல்லியும் நடக்காதது, தானாகவே நடந்துவிட்டது” என்றார். அருகிலிருந்தோர் “மாஷா அல்லாஹ்” என்றனர்.

அந்த மாஷா அல்லாஹ்வை மறுப்பதற்காகவே இதை எழுதுகிறேன். நான் சினிமாவுக்கு வக்காலத்து வாங்க வந்தவன் அல்லன். மாதத்திற்கு ஒரு படம் பார்க்கும் வழக்கமும் எனக்கில்லை. ஆனால், நாம் வெல்லாத ஒரு போரில் வென்றதாக விழாக் கொண்டாடும் பேதைமையைப் பார்த்துக்கொண்டு வாளாவிருக்க இயலவில்லை.

கொட்டகைகள் மூடப்படுகின்றன என்பது உண்மைதான். திருச்சியில் இரயில்வே ஊழியராயிருந்த சாமிக்கண்ணு வின்சென்ட் 1905-இல் ஒரு பிரெஞ்சுக்காரரிடம் படக்கருவியை விலைக்கு வாங்கி, ஊர் ஊராகக் கூடாரம் அடித்துப் படம் காட்டத் தொடங்கியதிலிருந்து நூற்றாண்டுக்கும் மேல் ஓடிய தொழில் இது. ஆசியாவிலேயே பெரியது என்று பேசப்பட்ட மதுரைத் தங்கம் தியேட்டர் இருந்த இடத்தில் துணிக்கடை எழுந்துவிட்டது. சென்னையில் சாந்தி 2016-இல் மூடப்பட்டது. உதயம் 2024-இல் மூடப்பட்டது. சிற்றூர்க் கொட்டகைகளுக்குக் கணக்கே இல்லை. சில மண்டபங்களாயின, சில கிடங்குகளாயின, சிலவற்றில் ஆடு மேய்கிறது.

ஆனால் அன்பர்களே, மூடப்பட்டது கட்டடமா, சினிமாவா? இந்த ஒரு வினாவை எழுப்பிக்கொண்டிருந்தால் நம் பெரியவர் அவ்வளவு நிம்மதியாக மறுசோறு கேட்டிருக்கமாட்டார். சினிமா சாகவில்லை, வீடு மாறியிருக்கிறது. கடைத்தெருவில் இருந்தது நம் படுக்கையறைக்குக் குடிவந்துவிட்டது. வாடகை கூட அதுவன்று, மாதந்தோறும் நாமே கட்டுகிறோம்!

கொட்டகை என்பது என்னவாக இருந்தது என்று சற்று எண்ணிப் பாருங்கள். அதற்கு ஒரு வாசல் இருந்தது. அந்த வாசலில் நிற்கும்போது ஊரார் பார்ப்பர். மாலைக் காட்சிக்குள் நுழைபவனின் காதில் மஃரிப் பாங்கு விழும். நெஞ்சில் ஈரமுள்ளவன் ஒரு கணமாவது தயங்குவான். படத்திற்குத் தொடக்கம் உண்டு, முடிவு உண்டு. முடிந்ததும் விளக்கைப் போட்டு வெளியே அனுப்பிவிடுவார்கள். திரையில் முதலில் தோன்றுவது தணிக்கைச் சான்றிதழ். அந்தத் தணிக்கையில் ஆயிரம் ஓட்டை இருக்கட்டும். யாரோ ஓர் அதிகாரி அதைப் பார்த்துக் கையொப்பமிட்டிருந்தார் என்பதாவது உண்மை. டூரிங் கொட்டகையில் பெண்களுக்கு மறைப்புக் கட்டித் தனிப்பக்கமே ஒதுக்கினார்கள். முஸ்லிம்கள் மிகுந்த ஊர்களை அடுத்திருந்த கொட்டகைக்காரர்களுக்கு நோன்பு மாதம் எப்போது வருகிறது என்பது நம்மில் சிலரைவிட நன்றாகத் தெரியும். அம்மாதத்தில் அவர்கள் கல்லாவே அதைச் சொல்லிவிடும்.

இப்போது வந்திருப்பதற்கு வாசல் இல்லை, வேளை இல்லை, முடிவும் இல்லை. ஒரு தொடரின் ஒரு பகுதி முடிந்ததும் அடுத்தது தானாகவே ஓடத் தொடங்குகிறது. தராவீஹ் முடித்து வந்து படுத்த பையன் ஸஹருக்கு எழுவதில்லை. ஸஹர் வரை விழித்தே இருக்கிறான். தாய்க்கு மகன் தூங்காதது தெரியும், எதைப் பார்த்துத் தூங்காமலிருந்தான் என்பது தெரியாது.

இது நமக்குப் புதிய பாடமும் அன்று. இங்கே சற்றுக் கசப்பான பழங்கதை ஒன்றைச் சொல்லியாக வேண்டும். 1980-களில் துபாயிலிருந்தும் சவூதியிலிருந்தும் நம் பிள்ளைகள் திரும்பியபோது பெட்டியில் என்ன வந்தது? அத்தர் வந்தது, ஜப்பான் துணி வந்தது, கூடவே ‘டெக்’ வந்தது. கொட்டகைப் பக்கம் போனால் காலை முறிப்பேன் என்று சொன்ன அதே வீட்டின் நடுக்கூடத்தில், வெள்ளிக்கிழமை இரவு மூன்று படங்கள் ஓடின. அண்டை வீட்டு மாமி, சின்னம்மா, பேத்திமார் எல்லாரும் பாய் விரித்துப் பார்த்தனர். கேட்டதற்கு, “கொட்டகைக்கா போனோம்? வீட்டில்தானே பார்க்கிறோம்” என்று விடை வந்தது. அன்றே நமக்கு விளங்கியிருக்க வேண்டும்: நாம் எதிர்த்தது கட்டடத்தை, காட்சியை அன்று. காயல்பட்டினத்தார் தம் ஊரில் திரையரங்கு இல்லை என்பதைப் பெருமையாகச் சொல்வதுண்டு. அப்பெருமையை நான் குறைத்துப் பேசவில்லை. ஆனால், திரையரங்கு இல்லாத ஊர் என்பதற்குச் சினிமா பார்க்காத ஊர் என்று பொருள் கொள்ள இன்று எந்த ஊரார்க்கும் வழியில்லை.

அந்த வீடியோக் காலத்திலும் கொட்டகைக்காரர்கள் இதோ அழிந்தோம் என்று அலறினர். திருட்டு வீடியோவுக்கு அஞ்சி 1984-இல் பதிப்புரிமைச் சட்டத்தையே திருத்த வேண்டியதாயிற்று. எனினும் கொட்டகை பிழைத்தது. டெக்கில் ஒரு நன்மையும் இருந்ததை ஒப்புக்கொள்ள வேண்டும். இருபது பேர் ஒரு திரையின் முன் அமர்ந்திருந்தார்கள். முகம் சுளிக்கும் காட்சி வந்தால் ராத்தா ஒருத்தி எழுந்து பித்தானை அழுத்துவாள். இன்று ஒரே வீட்டில் ஐந்து பேர், ஐந்து திரை, ஐந்து காதுக்குழல். யார் எதற்குச் சிரிக்கிறார், எதற்கு அழுகிறார் என்பது மற்றவருக்குத் தெரியாது.

அடுத்து, நம் மானம் தொடர்பான ஒன்று. 2013-ஆம் ஆண்டை மறந்திருக்கமாட்டீர்கள். ‘விஸ்வரூபம்’ படத்தை முதலில் எதிர்த்தவர்கள் முஸ்லிம்கள் அல்லர், கொட்டகைக்காரர்கள். வீட்டுத் தொலைக்காட்சியில் ஆயிரம் ரூபாய் கட்டணத்திற்கு முன்கூட்டியே காட்டப் போவதாக அறிவித்ததே காரணம். பின்னர்தான் நம் அமைப்புகள் எழுந்தன. ஜனவரியில் மாவட்ட ஆட்சியர்கள் 144 தடையாணை பிறப்பித்தனர். வழக்கு உயர்நீதிமன்றம் ஏறியது. பேச்சுவார்த்தையில் சில இடங்களை நீக்க இசைந்தபின் பிப்ரவரி 7 அன்று தமிழகத்தில் வெளிவந்தது. அந்தப் போராட்டம் சரியா, முறையா என்பதில் எனக்கு அன்றும் ஐயம் உண்டு, இன்றும் உண்டு. அது இருக்கட்டும். ஆட்சியரின் ஒரு தாள் ஏன் செல்லுபடியாயிற்று? படம் ஓடுவதற்கு ஒரு கட்டடம் வேண்டியிருந்தது, அக்கட்டடம் ஓர் ஆட்சியரின் எல்லைக்குள் இருந்தது. அவ்வளவே.

இனி 2021-க்கு வாருங்கள். ‘தி ஃபேமிலி மேன்’ தொடரின் இரண்டாம் பாகம் ஈழத்தமிழரை இழிவுபடுத்துகிறது என்று தமிழகமெங்கும் குரல் எழுந்தது. மே மாதத்தில் தமிழ்நாட்டின் அமைச்சர் ஒருவரே தடை கோரி ஒன்றிய அமைச்சருக்குக் கடிதம் எழுதினார். ஜூன் மாதத்தில் தொடர் வெளிவந்துவிட்டது. ஓர் அரசு எழுதிய கடிதத்திற்கே இந்தக் கதி என்றால், நம் ஜமாஅத்துகள் எந்த வாசலில் போய்க் கொடி பிடிக்கப் போகின்றன? தாடி வைத்தவன் என்றால் வெடிகுண்டு, பள்ளிவாசல் என்றால் சதியாலோசனை என்று காட்டும் படத்தைக் கொட்டகையில் பார்த்தபோது, பக்கத்து இருக்கையில் ஒரு முஸ்லிம் அமர்ந்திருந்தான். இடைவேளையில் அவனும் மற்றவனும் ஒரே கடையில் தேநீர் குடித்தனர். “நீங்கள் எல்லாரும் இப்படியா பாய்?” என்று கேட்கவும், “நீயே என்னை முப்பது வருடமாகப் பார்க்கிறாயே” என்று சொல்லவும் அங்கே இடமிருந்தது. தனியறையில் தனியாக அதைப் பார்ப்பவன் யாரிடம் கேட்பான்? அவனுக்கு மறுமொழி சொல்ல நாம் அங்கே இல்லை. கொட்டகை போனதில் நான் வருந்தும் இழப்பு இதுதான். பாட்டும் கூத்தும் போனதற்காக அன்று.

கொட்டகைக்காக உருகும் மறுதரப்பாருக்கும் ஒரு சொல். கொட்டகை ஏழையின் மாளிகை என்று அவர்கள் பாடுகிறார்கள். அந்த ஏழையைத் துரத்தியது இணையம் மட்டுமா? நால்வர் உள்ள குடும்பம் பெருநகரத் திரையரங்கிற்குப் போய்ச் சோளப்பொரியும் வாங்கித் திரும்பினால் ஒரு வாரக் கூலி போய்விடுகிறது. தயாரிப்பாளர்களோ இரு படகிலும் கால் வைக்கிறார்கள். 2020 மே மாதம், கொட்டகைகள் நோய்த்தொற்றால் அடைபட்டிருந்தபோது, ‘பொன்மகள் வந்தாள்’ நேரே இணையத்தில் வந்தது. கொட்டகைக்காரர்கள் கொதித்தனர். 2021 பொங்கலில் ‘மாஸ்டர்’ வந்து கொட்டகையைக் காப்பாற்றியது என்று கொண்டாடினர்; பதினாறாம் நாளே அது இணையத்திற்குப் போயிற்று. 2023-இல் ‘லியோ’வின் இந்திப் பதிப்பை வடநாட்டுப் பெரிய அரங்க நிறுவனங்கள் திரையிடவில்லை, எட்டு வாரம் பொறுத்தே இணையத்தில் வரவேண்டும் என்பது அவர்கள் விதி, தமிழ்ப் படங்களோ நான்கு வாரத்திலேயே அங்கே போய்விடுகின்றன. இந்த நிலையில் நான் காணும் எதிர்காலம் இதுதான்: பெருநகரங்களில், பெரிய நடிகர் ஐந்தாறு பேரின் படங்களுக்காக, வசதி படைத்தவர் போகும் இடமாகத் திரையரங்கு நிற்கும். சிற்றூரில் நிற்காது.

சவூதி அரேபியாவைக் காட்டி வாதிடும் நண்பர்களும் உளர். முப்பத்தைந்து ஆண்டுகளாகத் திரையரங்கே இல்லாதிருந்த அந்நாட்டில் 2018 ஏப்ரலில் ரியாதில் முதல் அரங்கு திறக்கப்பட்டது. அதற்கு ஈராண்டு முன்னரே, 2016 ஜனவரியில், நெட்ஃபிளிக்ஸ் அங்கே நுழைந்துவிட்டது! கதவை அடைத்துக் காத்த அரசு, காற்று வழியாக எல்லாம் உள்ளே வந்துவிட்டதைக் கண்டு கடைசியில் கதவையும் திறந்தது. 2022-இல் வளைகுடா நாடுகள் ஒன்றுகூடி, இஸ்லாமிய நெறிக்கு மாறான காட்சிகளை நீக்குமாறு அந்நிறுவனத்தைக் கேட்டுக்கொள்ள வேண்டியதாயிற்று. எண்ணெய் வளம் கொழிக்கும் அரசுகளே கேட்டுக்கொள்ளும் நிலையில் இருக்கும்போது, நம் மஹல்லா நோட்டீஸ் பலகையில் ஒட்டும் தீர்மானத்துக்கு யார் நடுங்குவார்?

ஆகவே எங்கிருந்து தொடங்குவது? 2021-இல் ஒன்றிய அரசு வகுத்த விதிகளின்படி, இணையப் படங்களும் 7, 13, 16 என வயது குறித்து வகைப்படுத்தப்பட வேண்டும். பதின்மூன்றுக்கு மேற்பட்டவற்றுக்குப் பெற்றோர் பூட்டுப் போடும் வசதி தரப்பட வேண்டும். இதை எத்தனை வாப்பாமார் அறிவர்? பூட்டுப் போடச் சொல்லி மகனிடமே கைப்பேசியைக் கொடுக்கும் தந்தையர் மிகுந்த சமுதாயம் இது. விருந்தில் அந்தப் பெரியவரிடம், “காக்கா, உங்கள் வீட்டில்?” என்று கேட்டேன். “எங்கள் வீட்டில் டி.வி.யே கிடையாது” என்றார் பெருமிதத்தோடு. கைப்பேசி எத்தனை என்றேன். விரல்விட்டு எண்ணத் தொடங்கினார். ஒரு கை போதவில்லை.

பூட்டை அறிந்துகொள்வது முதல் வேலை. பிள்ளைகளோடு உட்கார்ந்து பார்ப்பதும், பார்த்ததைப் பேசுவதும் அதைவிடப் பெரிய வேலை. மூன்றாவதைச் சொன்னால் சிலருக்குக் கோபம் வரும், வரட்டும். கவி கா.மு. ஷெரீப் திரைப்பாட்டு எழுதியபோதும், நாகூர் ரவீந்தர் வசனம் எழுதியபோதும் சமுதாயம் அவர்களை ஓரக்கண்ணால்தான் பார்த்தது. நம் உம்மாமார் பேசும் தமிழும், கடலோர வணிகர் வாழ்வும், வெளிநாட்டுக்குக் கணவனை அனுப்பிவிட்டுக் காத்திருந்த பெண்களின் முப்பதாண்டுக் கதையும் திரையில் வராமல் போனதற்கு, பிறர் பகை மட்டும் காரணமன்று. நாளை நம் தெருப் பையன் ஒருவன் அப்படியொரு கதையை எழுதிக்கொண்டு, படமெடுக்கக் கொஞ்சம் பணமும் உங்கள் வீட்டுத் திண்ணையும் கேட்டு வருவான். மண்டபம் கட்ட இலட்சம் இலட்சமாகக் கொடுத்த கை, அவனுக்கு என்ன கொடுக்கப் போகிறது?