பழைய காருக்குப் புதிய வர்ணம்

சிங்களத்தில் அலுத்கடே என்றும் தமிழில் புதுக்கடை என்றும் ஒரே பொருளில் வழங்கப்படும் நம் பகுதிக்கு ஒல்லாந்தர் இட்ட பெயர் வேறு. 1656ஆம் ஆண்டில் கொழும்புக் கோட்டை முற்றுகையின்போது உயிர்நீத்த ஹுல்ப்ற் என்னும் தளபதியின் பெயரையே அவர்கள் இவ்விடத்துக்குச் சூட்டினர். இன்று அத்தளபதியை நினைப்பார் இலர். நீதிமன்றங்களை நினையாதவரும் இலர். வார நாட்களில் வழக்கறிஞர்களின் புத்தம்புதிய கார்கள் தெருவை அடைத்து நிற்கும். ஞாயிற்றுக்கிழமையிலோ ஒழுங்கைகளின் உள்ளே ஒதுங்கிக் கிடக்கும் ஊர்வாசிகளின் வண்டிகளே கண்ணிற் படும். அவற்றுள் வெயிலில் வெளிறி, ஓரங்களில் துருவேறி, 'என்னையும் பாருங்கள்' என்று இரங்கி நிற்பவை பல.

இவ்வண்டிகளுக்கு ஒரு காலத்தில் பெருமதிப்பு வந்ததை நேயர்கள் அறிவர். அந்நியச் செலாவணித் தட்டுப்பாட்டினால் 2020ஆம் ஆண்டு மார்ச் மாதத்தில் வாகன இறக்குமதி நிறுத்தப்பட்டது. தனியார் வண்டிகள் மீண்டும் இறங்குவதற்கு 2025ஆம் ஆண்டு பெப்ரவரி வரை காத்திருக்க நேர்ந்தது. இறங்கிய வண்டிகளோ வரிச்சுமையையும் உடன் சுமந்துகொண்டே இறங்கின. ஆகவே, உள்ள வண்டியைப் பேணுவதே நடுத்தரக் குடும்பத்தின் வழி என்றாயிற்று.

நாம் நன்கறிந்த குடும்பம் ஒன்றில் பாட்டனார் காலத்து மொறிஸ் மைனர் ஒன்று உண்டு. வீட்டின் மூத்த மகளுக்குத் தை மாதத்தில் திருமணம். பெண்ணை அந்தக் காரிலேதான் கோவிலுக்கு அழைத்துச் செல்ல வேண்டும் என்பது அப்பம்மாவின் ஆசை. வர்ணப் பட்டறை ஒன்றில் விசாரித்தார்கள்; கூறப்பட்ட கூலி மணமகளின் கூறைச் சேலையையும் விஞ்சி நின்றது. "நானே அடித்துவிடுகிறேன், அப்பம்மா" என்றான் இளைய பேரன். "அடி தம்பி, ஆனால் எனக்குத் தொய்வு இருப்பதை மறந்துவிடாதே" என்றார் அவர். இளைஞன் நம்மிடம் ஆலோசனை கேட்டான். அவனுக்குக் கூறியவற்றை ஏனைய நேயர்களுக்கும் கூறுவதால் நட்டமில்லை.

முதலிற் செய்ய வேண்டியது வர்ணம் வாங்குவதன்று. வண்டியின் அடியிற் படுத்துப் பார்ப்பது. 1948ஆம் ஆண்டில் அலெக் இசிகோனிஸ் வடிவமைத்து வெளிவந்த மொறிஸ் மைனருக்கு, லொறிக்கு இருப்பது போன்ற தனிச் சட்டகம் கிடையாது. உடற்தகடே பாரத்தைத் தாங்குகிறது. கதவுகளின் கீழுள்ள தகடும், பின்புற வில்தகடுகள் பொருந்தும் இடமும் அரித்துப்போயிருப்பின் வண்டி ஓடும்போதே உடைய இடமுண்டு. திருப்புளியின் முனையால் அழுத்திப் பாருங்கள். உள்ளே சென்றால் வர்ணத்தை மறந்து, ஒட்டு வேலை தெரிந்தவரை அழையுங்கள். வர்ணம் துருவை மறைக்குமேயன்றி நிறுத்தாது. துரு மறைந்த காரில் மணமகளை ஏற்றுவதிலும் துருத் தெரியும் காரில் ஏற்றுவது மேல் என்பது எமது துணிபு. தகடுகளைப் பற்றி அஞ்ச வேண்டியதில்லை. 1990களில் மொறிஸ் மைனருக்கான உடற்தகடுகளை இலங்கையிலேயே செய்து இங்கிலாந்துக்கு அனுப்பினார்கள் என்றால், நம்மவர் கைத்திறனை என்னென்பது!

அடுத்து, எவ்வகை வர்ணம் என்னும் கேள்வி. மோட்டார் வண்டியின் தொடக்க நாட்களில் குதிரை வண்டிக்குப் பூசியதுபோல எண்ணெய் வர்ணத்தையே தூரிகையாற் பூசினர்; அது காய்ந்து முடிய வாரக் கணக்காகும். 1920களில் செலுலோஸ் வர்ணம் வந்தபின்னரே விசிறிப் பூசுவதும், விரைவிற் காய்வதும், விரும்பிய நிறம் கிடைப்பதும் எளிதாயின. 1914 முதல் 1925 வரை போர்டு நிறுவனம் தனது ரி மாதிரி வண்டியைக் கறுப்பிலன்றி வேறு நிறத்தில் விற்கவில்லை என்பதை இங்கு நினைவுகூரலாம்.

இக்காலப் பட்டறைகள் பெரிதும் விரும்புவது, இரண்டு பேணிகளிலுள்ளவற்றைக் கலந்து விசிறும் பூச்சு. கண்ணாடி போன்ற பளபளப்பு, கல்போன்ற உறுதி. ஆனால் அதன் கடினமாக்கியில் ஐசோசயனேற்று என்னும் நச்சுப் பொருள் உண்டு. அதன் புகாரைச் சுவாசித்தால் ஆரோக்கியமானவருக்கும் தொய்வு பிடிக்கலாம். ஏற்கெனவே தொய்வுள்ளவரின் கதியைச் சொல்ல வேண்டுவதில்லை. முகத்திற் கட்டும் துணியோ சாதாரண முகமூடியோ அதனைத் தடுக்காது. வெளியிலிருந்து குழாய் வழியே தூய காற்று வரும் முகமூடி வேண்டும். சுவரோடு சுவர் ஒட்டிய புதுக்கடை வீடுகளில் இப்பூச்சை விசிறுவது, தம் வீட்டாருக்கு மட்டுமன்றி அயல் வீட்டாருக்கும் தீங்கு செய்வதாகும். செலுலோஸ் வர்ணம் அத்துணைக் கொடியதன்றாயினும் அதன் தின்னர் மணமும் தீப்பற்றும் இயல்பும் ஒழுங்கைக்கு ஏற்றவையல்ல. அன்றியும், காற்றில் ஈரம் மிகுந்த நாளில் அது வெண்மை படர்ந்து மங்கிவிடும். கொழும்பில் ஈரமற்ற நாள் ஏது?

ஆதலின், பாட்டனார் வழியே நன்று எனக் கொண்டோம்: எனாமல் வர்ணம், மெல்லிய நுரை உருளை, நல்லதொரு தூரிகை. இவை யாவும் கூப்பிடு தூரத்திலுள்ள பழைய சோனகத் தெருவின் இரும்புக் கடைகளிற் கிடைக்கும். காரிலுள்ள பழைய பூச்சு எதுவென்பதை அறிய, கதவின் உள்விளிம்பில் தின்னர் தோய்த்த துணியால் தேய்த்துப் பார்க்கலாம். நிறம் துணியில் கரைந்து வந்தால் செலுலோஸ். சுருங்கி எழும்பினால் எனாமல். எனாமலின்மேல் செலுலோஸைப் பூசினால் அடிப்பூச்சு சுருண்டு கிளம்பிவிடும். செலுலோஸின்மேல் எனாமல் பூசுவதில் அவ்வாபத்து இல்லை.

தேய்க்கும் வேலைதான் பெரிது; பத்தில் எட்டுப் பங்கு பிரயாசை அதிலேயே கழியும். இங்கு ஓர் எச்சரிக்கையைத் தாய்மார்கள் கவனித்தல் வேண்டும். பழைய வர்ணங்களில் ஈயம் கலந்திருந்தது. சிவப்பிலும் மஞ்சளிலும் சிறப்பாக உண்டு. உலர்வாகத் தேய்த்தால் எழும் தூசு குழந்தைகளின் உடலிற் சேர்ந்து மூளை வளர்ச்சியைப் பாதிக்கும். ஆகவே வாளியில் நீர் வைத்து, அரத்தாளை நனைத்து நனைத்தே தேய்க்க வேண்டும். சிறுவர்கள் அருகில் வரலாகாது. வேலை செய்தவரின் உடுப்பைத் தனியே தோய்க்க வேண்டும். கழிநீரை ஒழுங்கைக் கானில் ஊற்றாமல், படியவிட்டு, சேற்றைப் பொட்டலமாகக் கட்டி அகற்றுவது நன்று.

சவர்க்கார நீரால் கழுவி, மெழுகும் எண்ணெயும் போகத் துடைத்து, துருவைச் சுரண்டி, பள்ளங்களுக்குப் பட்டி வைத்து 80ஆம் இலக்க அரத்தாளில் தொடங்கிப் படிப்படியாக 400 வரை செல்லலாம். தகடு தெரியும் இடங்களுக்கு அன்றைக்கே அடிப்பூச்சுப் பூசிவிடுங்கள். ஓரிரவு விட்டால் நம் கடற்காற்று துருவை விதைத்துவிடும். கண்ணை மூடிக்கொண்டு உள்ளங்கையால் தடவிப் பார்ப்பது சிறந்த சோதனை. கண் ஏமாறும், கை ஏமாறாது.

கண்ணாடிகளை மறைக்கப் பத்திரிகைத் தாளை ஒட்டுவது வழக்கம். எமது பக்கத்துக்கு இவ்வாறு ஒரு பயன் வாய்ப்பதில் மகிழ்ச்சியே! ஆனால் ஒற்றைத் தாளில் வர்ணம் ஊறும். இரட்டையாக மடித்து ஒட்டுக.

எனாமலுடன் சிறிது டர்ப்பன்டைன் சேர்த்து இளக்கி, கூரையில் தொடங்கிக் கீழ்நோக்கி வாருங்கள். ஒரு கதவை உருளையாற் பூசியவுடன், ஈரம் இருக்கும்போதே உலர்ந்த தூரிகையின் நுனியால் மெல்ல வருடினால் குமிழ்கள் மறையும். தடித்த பூச்சு வழியும். மெல்லிய பூச்சாக நான்கு ஐந்து முறை பூசுவதே முறை. ஒவ்வொன்றுக்கும் இடையில் ஒரு நாள் ஓய்வு, 600ஆம் இலக்கத்தால் நீர்த்தேய்ப்பு. காலை ஒன்பது மணிக்குமேல் தொடங்கி மாலைப் பனிக்கு முன் முடித்துவிட வேண்டும். எண்ணெய்ப் பசையுள்ள துணிகளைச் சுருட்டி மூலையிற் போடாதீர்கள். அவை தாமாகவே சூடேறித் தீப்பற்றக்கூடும். விரித்துக் காயவிடுக.

நிறத்தைப்பற்றி அவ்வீட்டில் பெரும் வாதம் நடந்தது. மணப்பெண் கத்தரிப்பூ நிறம் கேட்டாள். பத்து இலட்சமாவது மொறிஸ் மைனரைக் கொண்டாட 350 கார்களுக்கு அதே நிறத்தைத் தீட்டினார்கள் என்பதை யாரோ அவளுக்குச் சொல்லிவிட்டார்கள். ஆயினும் பதிவுப் புத்தகத்தில் நிறமும் குறிக்கப்பட்டிருக்கிறது. மாற்றினால் மோட்டார் போக்குவரத்துத் திணைக்களத்துக்கு அறிவித்துத் திருத்த வேண்டும். திருமணத்துக்கு ஆறு வாரம் இருக்கையில் அந்த அலைச்சல் எதற்கென்று, பாட்டனார் வைத்திருந்த சாம்பல் நிறத்துக்கே அப்பம்மா தீர்ப்பளித்தார். வழக்காடும் ஊரில் மேன்முறையீடு எழாதது வியப்பே.

கடைசிப் பூச்சு சென்ற வாரம் முடிந்தது. அருகில் நின்று நோக்கினால் தூரிகையின் சுவடு ஓரிரண்டு தெரியும். பத்தடி தள்ளி நின்றால் தெரியாது. எனாமல் உள்ளும் புறமும் இறுக ஒரு மாதம் வேண்டுமாதலின் மெழுகு இப்போது பூசலாகாது. பூமாலையையும் ஒட்டுத்தாள் கொண்டு ஒட்டாமல் நூலாற் கட்டும்படி கூறியிருக்கின்றோம்.