லினக்ஸைக் கொடுத்தால் போதாது, கற்றுத்தர வேண்டும்

2025 அக்டோபர் 14 அன்று விண்டோஸ் 10 இயங்குதளத்துக்கான வழக்கமான ஆதரவை மைக்ரோசாஃப்ட் நிறுத்திக்கொண்டது. அந்தத் தேதியோடு எந்தக் கணினியும் நின்றுவிடவில்லை. வைரஸ்களுக்கும் ஊடுருவல்களுக்கும் எதிராக மாதாமாதம் வந்துகொண்டிருந்த பாதுகாப்புத் திருத்தங்கள்தான் நின்றன. விருப்பப்பட்டவர்கள் பதிவுசெய்து சிறிது காலம் நீட்டித்துக்கொள்ளலாம், அவ்வளவே. விண்டோஸ் 11-க்கு மாறலாம் என்றால், அது டிபிஎம் 2.0 என்ற பாதுகாப்புச் சில்லு வேண்டும் என்கிறது. இன்டெல் செயலியாக இருந்தால் பெரும்பாலும் 2017-இல் வந்த எட்டாம் தலைமுறையோ அதற்குப் பிந்தையதோ ஆக இருக்க வேண்டும் என்கிறது. அதற்கு முந்தைய கணினிகள் நம் பள்ளிகளிலும் நூலகங்களிலும் ஊராட்சி அலுவலகங்களிலும் வீடுகளிலும் நல்ல நிலையில் ஓடிக்கொண்டிருக்கின்றன. அவற்றை எடைக்குப் போடலாம், அல்லது பாதுகாப்பில்லாமல் ஓட்டலாம் என்ற இரண்டு வழிகளையே பலரும் பேசுகிறார்கள். லினக்ஸ் என்ற மூன்றாவது வழி இருக்கிறது. அது இலவசமாகக் கிடைக்கிறது என்பதும் பலருக்குத் தெரியும். அப்படியிருந்தும் தமிழ்நாட்டில் அது ஏன் மேசைக்கு வரவில்லை? நாம் அதைப் பலமுறை கொடுத்தோம், கற்றுத்தரவில்லை என்பதே என் பதில்.

லினக்ஸ் என்பது கணினி வல்லுநர்களின் கறுப்புத் திரை என்ற எண்ணம் இன்னும் பரவலாக இருக்கிறது. 1991-இல் ஹெல்சிங்கியில் மாணவராக இருந்த லினஸ் டோர்வால்ட்ஸ் எழுதத் தொடங்கிய கெர்னல் என்ற கருநிரலும், ரிச்சர்ட் ஸ்டால்மன் 1983-இல் அறிவித்த க்னூ திட்டத்தின் கருவிகளும் சேர்ந்து உருவானது இது. ஆண்ட்ராய்டு கைபேசிகளின் அடியில் இருப்பது இதே கருநிரல்தான். உலகின் அதிவேகக் கணினிகள் ஐந்நூற்றின் பட்டியலில் 2017 நவம்பரிலிருந்து எல்லாமே லினக்ஸில் இயங்குகின்றன. மேசைக் கணினிக்கு வந்தால் உபுண்டு, டெபியன், லினக்ஸ் மின்ட் எனப் பல வடிவங்கள். புதிதாக வருபவருக்கு மின்ட் பொருத்தமானது. 4 ஜிபி நினைவகம் உள்ள பழைய கணினியிலும் வேலைசெய்யும். அதன் கோப்பை இணையத்திலிருந்து இறக்கி ஒரு பென்டிரைவில் எழுதிக்கொள்ள வேண்டும். கணினியைத் தொடங்கும்போது எஃப்12 அல்லது அந்தந்த நிறுவனம் வைத்திருக்கும் விசையை அழுத்தி, பென்டிரைவைத் தேர்ந்தெடுத்தால், ஹார்டு டிஸ்க்கைத் தொடாமலேயே முழு மேசைத்திரையும் வந்து நிற்கும். இடது கீழ் மூலையில் மெனு, வலது கீழ் மூலையில் கடிகாரமும் வைஃபையும். வைஃபை இணைகிறதா, ஸ்பீக்கரில் ஒலி வருகிறதா, பிரிண்டர் அச்சிடுகிறதா என்று எல்லாவற்றையும் அப்படியே சோதித்துப் பார்க்கலாம். பிடிக்கவில்லையென்றால் பென்டிரைவை உருவிவிட்டு மறுபடி தொடங்கினால் பழைய விண்டோஸ் இருந்தபடியே இருக்கும். வாங்குவதற்கு முன் இவ்வளவு முழுமையாகப் பரிசோதிக்க அனுமதிக்கும் மென்பொருள் சந்தையில் அரிது.

கூடவே வருகிற, அல்லது இலவசமாக நிறுவிக்கொள்ளக் கிடைக்கிற கருவிகளைப் பார்த்தால் இது ஏழைகளுக்கான மாற்று அல்ல என்பது புரியும். கடிதம், கணக்கு, விளக்கக்காட்சிக்கு லிப்ரே ஆபீஸ், படங்களைத் திருத்த கிம்ப், ஓவியத்துக்குக் கிரிட்டா, கோட்டு வரைபடங்களுக்கு இங்க்ஸ்கேப், ஒலிக்கு ஆடாசிட்டி, வீடியோத் தொகுப்புக்குக் கேடென்லைவ். லாத்வியாவின் 'ஃப்ளோ' என்ற அனிமேஷன் படம் 2025-இல் ஆஸ்கர் வென்றது. அது பிளெண்டர் என்ற கட்டற்ற மென்பொருளில், அதாவது யாரும் பயன்படுத்தவும் திருத்தவும் பகிரவும் உரிமையுள்ள மென்பொருளில், உருவான படம். காசில்லாத மாணவி தன் பழைய மடிக்கணினியில் நிறுவிக்கொள்ளும் பிளெண்டரும் அதே பிளெண்டர்தான். குறைத்துக் கொடுத்த மாணவர் பதிப்பு என்று ஒன்று இல்லை. ஸ்டெல்லேரியம் என்ற வானியல் மென்பொருளைத் திறந்து ஊர்ப்பெயராக மதுரையைக் கொடுத்தால், இன்றிரவு மதுரை வானில் எந்த இடத்தில் வியாழன் தெரியும் என்பதை ஆறாம் வகுப்புக் குழந்தைக்குக் காட்டலாம். தமிழ்99 விசைப்பலகை அமைப்புகளிலேயே இருக்கிறது. தேர்ந்தெடுத்துக்கொண்டால் போதும், தனியாக எழுத்துரு வாங்க வேண்டியதில்லை. மெனுக்களையும் தமிழில் வைத்துக்கொள்ளலாம். அந்த மொழிபெயர்ப்பு பெரும்பாலும் தன்னார்வலர்கள் ஆண்டுக்கணக்கில் உட்கார்ந்து செய்தது. சில இடங்களில் அது கரடுமுரடாக இருக்கும், உண்மைதான். ஆனால் திருத்தும் உரிமையும் நம்மிடமே இருக்கிறது.

இவ்வளவும் தமிழக அரசுக்குப் புதிதல்ல. அரசின் எல்காட் நிறுவனம் ஐ.ஏ.எஸ். அதிகாரி உமாசங்கர் தலைமையில் இருந்தபோதே, 2000-களின் நடுப்பகுதிக்குப் பிறகு, தன் கணினிகளைச் சூசே லினக்ஸுக்கு மாற்றத் தொடங்கியது. மத்திய அரசின் சி-டாக் நிறுவனம் சென்னையில் உருவாக்கிய பாஸ் என்ற டெபியன் வழி லினக்ஸ் 2007-இல் வந்தது. 2014 ஏப்ரலில் விண்டோஸ் எக்ஸ்பிக்கு ஆதரவு முடிந்தபோது, இன்றைய நிலையே அன்றும் இருந்தது. அப்போது பாஸ் லினக்ஸை நிறுவிக்கொள்ளுமாறு தமிழக அரசு தன் துறைகளுக்கு அறிவுறுத்தியது. மாணவர்களுக்கு வழங்கிய விலையில்லா மடிக்கணினிகளில் விண்டோஸோடு பாஸும் சேர்ந்தே வந்தது. அதாவது லட்சக்கணக்கான பிள்ளைகளின் கைகளில் லினக்ஸ் போய்ச் சேர்ந்திருக்கிறது. கணினியைத் தொடங்கும்போது இரண்டு பெயர்கள் திரையில் தெரியும். ஒன்றைத் தேர்ந்தெடுக்க வேண்டும். தெரிந்த பெயரைத்தான் பிள்ளைகள் தேர்ந்தெடுப்பார்கள். மற்றது எதற்கு என்று சொல்ல வகுப்பில் ஆளில்லை, ஆசிரியருக்கும் யாரும் சொல்லவில்லை. பழுதுபார்க்கக் கொண்டுபோனால் கடைக்காரர் இடத்தை மிச்சப்படுத்த அதை அழித்துவிட்டு, உரிமமில்லாத விண்டோஸ் ஒன்றைப் போட்டுத் தருவார். அரசு தன் பணத்தில் கொடுத்த சட்டப்பூர்வமான ஒன்றை அழித்துவிட்டுத் திருட்டுப் பிரதி உட்காரும் இந்த நிலையில் மாணவர்மேல் குற்றம் சொல்ல எதுவுமில்லை. சாவியைக் கொடுக்காமல் வீட்டைக் கொடுத்தது நம் பிழை.

பக்கத்து மாநிலமான கேரளம் இதைத் தலைகீழாகச் செய்தது. 2001-இல் தொடங்கிய 'ஐ.டி. அட் ஸ்கூல்' திட்டம் முதலில் ஆசிரியர்களைப் பிடித்தது. அங்கே ஆசிரியர்களுக்கு ஆசிரியர்களே பயிற்சி கொடுத்தார்கள். பாடநூல் கட்டற்ற மென்பொருளை வைத்து எழுதப்பட்டது. பத்தாம் வகுப்பில் ஐ.டி. பாடத்துக்குச் செய்முறைத் தேர்வு உண்டு. மாணவர் அதை எழுதுவது லினக்ஸில். தேர்வு வந்துவிட்டால் நம்மூரில் எந்தப் பாடத்தையும் யாரும் ஒதுக்க முடியாது என்பது எல்லோருக்கும் தெரிந்ததுதானே. அந்தத் திட்டம் 2017-இல் கைட் என்ற அரசு நிறுவனமாக மாறியது; உபுண்டுவை அடிப்படையாகக் கொண்டு பள்ளிகளுக்கென்றே ஓர் இயங்குதளத்தை அது தயாரித்துப் புதுப்பித்து வருகிறது. 2018-இல் தொடங்கிய லிட்டில் கைட்ஸ் மன்றங்களில் மாணவர்களே பயிற்சி பெற்று அனிமேஷன், நிரலாக்கம், கணினிப் பராமரிப்பு வரை பார்க்கிறார்கள். இதனால் 3,000 கோடி ரூபாய் மிச்சம் என்று 2019-இல் கைட் சொன்னது. இரண்டு லட்சம் கணினிகளுக்குத் தலா ஒன்றரை லட்ச ரூபாய் உரிமக் கட்டணம் என்று போட்ட கணக்கு அது. எந்த அரசும் பள்ளிக் கணினிக்கு அவ்வளவு விலை கொடுத்திருக்காது என்பதால் அந்த எண்ணை நான் அப்படியே ஏற்கவில்லை. மிச்சம் அதில் பத்தில் ஒரு பங்கு என்றாலும் பெரிய தொகைதான். ஆனால் கேரளத்தின் உண்மையான லாபம், கணினியைப் பிரித்து, மாற்றி, சேர்த்துப் பார்க்கப் பயப்படாத ஆசிரியர் படை ஒன்று உருவானது.

தமிழ்நாட்டிலும் பாடநூலில் இருக்கிறதே என்று கேட்கலாம். இருக்கிறது. புதிய பாடத்திட்டத்தில் பதினோராம் வகுப்புக் கணினிப் பாடங்களில் உபுண்டு பற்றிய பகுதி உண்டு. கணினிப் பயன்பாடுகள் பாடத்தில் ஓப்பன் ஆபீஸ் ரைட்டர், கால்க் அத்தியாயங்கள் உண்டு. அதைச் சேர்த்தவர்களைப் பாராட்ட வேண்டும். ஆனால் அது மேல்நிலையில் கணினிப் பாடம் எடுப்பவர்களுக்கு மட்டும். உயிரியல் படிப்பவளுக்கும் வணிகவியல் மட்டும் படிப்பவனுக்கும் இல்லை. ஓப்பன் ஆபீஸும் வளர்ச்சி ஏறத்தாழ நின்றுபோன மென்பொருள். அதை உருவாக்கியவர்களில் பலர் 2010-இலேயே பிரிந்து லிப்ரே ஆபீஸைத் தொடங்கிவிட்டார்கள். பாடநூல் குழு அடுத்த பதிப்பில் இதை மாற்ற வேண்டும்.

வேலை கொடுப்பவர்கள் விண்டோஸைத்தானே கேட்கிறார்கள் என்பது பெற்றோரின் கவலை. நியாயமான கவலைதான். ஆனால் எட்டாம் வகுப்பில் படிக்கும் பிள்ளை வேலைக்குப் போக இன்னும் பத்து ஆண்டு ஆகும். அன்று விண்டோஸின் முகம் இன்று இருப்பதுபோல் இருக்காது. கோப்பு என்றால் என்ன, அட்டவணையில் சூத்திரம் எப்படி எழுதுவது, படத்தின் அடுக்குகள் என்றால் என்ன என்பவை எந்த நிறுவனத்துக்கும் சொந்தமல்ல. லிப்ரே ஆபீஸில் கூட்டல் சூத்திரம் எழுதத் தெரிந்தவர் எக்செல்லில் அரைமணி நேரத்தில் எழுதிவிடுவார். சர்வர்களும் கிளவுடும் பெரும்பாலும் லினக்ஸில் ஓடும் காலத்தில், சென்னை, கோவையின் மென்பொருள் நிறுவனங்களுக்குப் போகும் பிள்ளைக்கு லினக்ஸ் தெரிந்திருப்பது கூடுதல் பலம்.

இதைவிடக் கனமான மறுப்பு தொழில் செய்பவர்களிடமிருந்து வருகிறது. டேலி லினக்ஸில் நேரடியாக ஓடாது. ஆட்டோகேட் ஓடாது. பேஜ்மேக்கரிலும் கோரல்டிராவிலும் கல்யாணப் பத்திரிகை அடிக்கும் அச்சகம் நாளைக்கே மாற முடியாது. சில பழைய லேசர் பிரிண்டர்களை லினக்ஸில் ஓடவைக்கப் பொறுமை வேண்டும். இவற்றை மறைத்து லினக்ஸை விற்பவர்கள் அதற்குக் கேடு செய்கிறார்கள். கணக்காளருக்கும் அச்சகத்துக்கும் விண்டோஸ் தேவையென்றால் இருக்கட்டும். ஆனால் பள்ளி ஆய்வகத்துக்கும் நூலகத்தின் இணையப் பிரிவுக்கும் டேலி தேவையில்லை. அங்கே நடப்பது உலாவியும் எழுத்துவேலையும்தான். அச்சகங்களின் சிக்கலுக்கு இன்னொரு வேரும் உண்டு. பாமினி, வானவில் என்று ஆளுக்கொரு குறிமுறையில் தமிழை அடித்து வைத்தோம். அந்த எழுத்துரு இல்லாத கணினியில் அந்தக் கோப்பைத் திறந்தால் ஆங்கில எழுத்துகளும் குறிகளும் கலந்த குப்பையாகத் தெரியும், விண்டோஸிலும் அப்படித்தான். 2010-இல் தமிழக அரசு பொதுக் குறிமுறையான யூனிகோடை ஏற்று ஆணையிட்ட பிறகும் பழைய குறிமுறைகள் முழுதாக ஒழியவில்லை. ஆவணம் திறந்த தரத்தில் இல்லாவிட்டால் என்ன ஆகும் என்பதை இவ்வளவு பட்ட பிறகும் தமிழர்களுக்கு விளக்க வேண்டியிருப்பது வருத்தமானது.

யாரும் பொறுப்பேற்காத மென்பொருளை எப்படி நம்புவது என்றும் கேட்கிறார்கள். 2024 மார்ச்சில் நடந்ததை இங்கே சொல்ல வேண்டும். லினக்ஸ் கணினிகளில் கோப்புகளைச் சுருக்கப் பயன்படும் எக்ஸ்இசட் என்ற சிறு கருவிக்குள், ஜியா டான் என்ற பெயரில் இரண்டு ஆண்டுகளுக்கு மேல் உதவிசெய்து நம்பிக்கை சம்பாதித்த ஒருவர் ரகசியக் கதவு ஒன்றை நுழைத்துவிட்டார். அதுவரை அந்தக் கருவியைத் தனியாளாகக் காத்துவந்தவர் களைத்துப்போயிருந்த தன்னார்வலர். உலகமே நம்பியிருக்கும் கருவிக்கு ஒற்றை ஆள் காவல் என்பது கட்டற்ற உலகத்தின் உண்மையான பலவீனம். ஆனால் அதைப் பிடித்தவர் ஆண்ட்ரஸ் ஃப்ராய்ண்ட் என்ற பொறியாளர்; தொலைக் கணினியில் நுழைய அரை விநாடி கூடுதலாக ஆகிறதே என்று சந்தேகப்பட்டுத் துருவினார். நிரல் திறந்து கிடந்ததால் அவரால் அடிவரை போக முடிந்தது; பெரும்பாலான கணினிகளை அது எட்டும் முன்பே தடுக்கவும் முடிந்தது. மூடிய மென்பொருளில் அதே தாமதத்தை உணர்ந்த வெளியாள் புகார்க் கடிதம் எழுதுவதோடு நின்றிருப்பார்.

மியூனிக்கைக் காட்டாத விமர்சகர் இல்லை. 2003-இல் அந்த ஜெர்மன் நகராட்சி லினக்ஸுக்கு மாற முடிவெடுத்து, சுமார் 15,000 கணினிகளை மாற்றி, 2017-இல் விண்டோஸுக்கே திரும்ப முடிவெடுத்தது. உண்மைதான். ஆனால் நகராட்சிக்காக 2016-இல் தயாரான அறிக்கையே, கணினித் துறையின் நிர்வாகக் குழப்பத்தைப் பெரிய சிக்கலாகச் சுட்டியது. பிரெஞ்சு ஜெண்டர்மெரி காவல் படையின் கதையை இவர்கள் சொல்வதில்லை. அவர்கள் 2005-இல் விண்டோஸில் இருந்தபடியே ஓப்பன் ஆபீஸுக்கு மாறினார்கள். அடுத்து ஃபயர்பாக்ஸும் தண்டர்பேர்டும். கருவிகள் கைக்குப் பழகிய பிறகு 2008-இல்தான் உபுண்டுவைத் தொட்டார்கள். இன்று சுமார் ஒரு லட்சம் கணினிகளில் பெரும்பகுதி அதில் ஓடுகின்றன. முதலில் மனிதர், பிறகு இயந்திரம் என்ற வரிசை கேரளத்திலும் பிரான்சிலும் ஒன்றாக இருக்கிறது.

மத்திய அரசின் கட்டற்ற மென்பொருள் கொள்கை 2015-லேயே வந்துவிட்டது; இன்னொரு கொள்கை தேவையில்லை. தேவை, ஆசிரியர் பயிற்சிக்கு நிதி, ஆறாம் வகுப்பிலிருந்து எல்லா மாணவர்க்கும் செய்முறை வகுப்பு, அதற்கு மதிப்பெண். மடிக்கணினி வாங்க ஒதுக்கும் கோடிகளில் சிறு பங்கு இதற்குப் போதும். பாடப்பொருளுக்கும் பஞ்சமில்லை: ஐஐடி மும்பையின் ஸ்போக்கன் டுடோரியல் திட்டத்தில் லினக்ஸ், லிப்ரே ஆபீஸ் பாடங்கள் தமிழ் ஒலியோடு இலவசமாகக் கிடைக்கின்றன, கணியம் தளத்தில் தமிழில் மின்னூல்களே இருக்கின்றன. சென்னை, காஞ்சிபுரம், விழுப்புரம் லினக்ஸ் பயனர் குழுக்களில் கட்டணமில்லாமல் சொல்லித்தர ஆட்கள் இருக்கிறார்கள்; பள்ளிக் கல்வித்துறை அவர்களைக் கூப்பிட்டுப் பேச வேண்டும். வாசகர்களுக்கு ஒரு வேண்டுகோள்: வீட்டிலோ அலுவலகத்திலோ விண்டோஸ் 10-இல் நிற்கும் கணினியை எடைக்குப் போடுவதற்கு முன், ஒரு பென்டிரைவில் மின்ட்டை எழுதி, வீட்டுப் பிள்ளையை உட்காரவைத்து அதைத் திறந்து பாருங்கள்.