கேட்காமல் திறந்த வாசல்

ஆடி மாதத்துச் சனிக்கிழமை என்றால் குச்சனூரில் கூட்டத்துக்குக் கேட்கவா வேண்டும்? சுயம்பு சனீசுவரரைத் தரிசிக்க மதினியும் நானும் சின்னமனூரிலிருந்து போயிருந்தோம். எள் விளக்குக் கடையில் பணம் கொடுக்க மதினி செல்போனை நீட்டினார். வட்டம் சுற்றிக்கொண்டே இருந்ததே தவிரப் பணம் போகிற வழியாக இல்லை. அன்றைக்குரிய ஒன்றரை ஜிபி நெட் காலையிலேயே தீர்ந்து போயிருந்தது! பர்ஸோ தூரத்தில் நிறுத்திய காரில்.

"அதுக்கென்ன தாயி, போறப்பக் குடுங்க" என்றாள் கடைக்காரம்மாள்.

மதினி கேட்கவில்லை. சனீசுவரர் சந்நிதியில் கடன் விளக்கு ஏற்றுவதா? வேகாத வெயிலில் கார் வரை நடந்து, பர்ஸை எடுத்து வந்து கொடுத்த பிறகுதான் திரியைத் தொட்டார்.

"காலையிலேருந்து போனைத் தொடவே இல்லையேம்மா!" என்று வழியெல்லாம் புலம்பல். வாஸ்தவந்தான். வீட்டுக்கு வந்து செட்டிங்ஸில் டேட்டா கணக்கைப் பார்த்தோம். பேரன் ஏற்றி வைத்த விளையாட்டு ஒன்றும், யாரோ ஏற்றித் தந்த டார்ச் செயலி ஒன்றும் விளம்பரப் படங்களாக இழுத்துத் தள்ளியிருந்தன.

விளக்கு எரிய நெட் எதற்கு என்று கேட்பீர்கள். 2013-ல் அமெரிக்காவில் ஒரு டார்ச் செயலி, வைத்திருப்பவர் இருக்கும் இடத்தையும் போனின் அடையாளத்தையும் விளம்பரக்காரர்களுக்கு அனுப்பி வந்ததாக அந்நாட்டு வர்த்தக ஆணையமே குற்றம் சாட்டியது. நம் ஆண்ட்ராய்டு போன் காமிராவுக்கும் மைக்குக்கும் நம் சம்மதம் கேட்கிறது. நெட்டுக்கு மட்டும் கேட்பதில்லை. செயலியை ஏற்றும்போதே தானாகக் கொடுத்துவிடுகிறது. சாத்துவது நம் பொறுப்பு.

செட்டிங்ஸில் 'ஆப்ஸ்' போய், அந்தச் செயலியைத் தொட்டு, மொபைல் டேட்டா பகுதியில் 'பேக்ரவுண்ட் டேட்டா'வை அணைத்துவிடுங்கள். நாம் பார்க்காத வேளையில் அது மொபைல் டேட்டாவைத் தின்னாது. சில கம்பெனி போன்களில் மொபைல் டேட்டா, வைஃபை இரண்டையும் செயலிவாரியாக அடியோடு நிறுத்தவும் வசதி உண்டு. இல்லாதவர்களுக்கு 'நெட்கார்ட்' என்றொரு காவற்காரன் இருக்கிறான். போனுக்குள்ளேயே விபிஎன் மாதிரி உட்கார்ந்துகொண்டு, நாம் சொன்ன செயலியை மறித்துவிடுவான். ஆனால் ஒரு சமயத்தில் ஒரு விபிஎன்தான் ஓடும். ஆபீஸ் வேலைக்கு வேறொன்று வைத்திருப்பவர்களுக்கு இது ஒத்து வராது. பெயர் தெரியாத காவற்காரனை வேலைக்கு வைத்து விடாதீர்கள், அவனே திருடனாக இருக்கலாம்! ஐபோன்காரர்கள் செட்டிங்ஸில் மொபைல் டேட்டா பட்டியலில் அணைக்கலாம். வைஃபைக்கு அது செல்லாது.

ஆத்திரத்தில் எல்லாவற்றையும் சாத்த வேண்டாம். பாங்குச் செயலியையும் வாட்ஸப்பையும் சாத்தினால் பழையபடி காருக்குத்தான் நடக்கவேண்டும். விளம்பரத்தால் பிழைக்கும் நல்ல செயலிகளும் உண்டு. பிடித்திருந்தால் காசு கொடுத்து விளம்பரமில்லாததை வாங்கிக்கொள்வதே நியாயம்.

மதினி டார்ச் செயலியை எடுத்தே விட்டார். போனிலேயே டார்ச் இருக்கிறதே! விளையாட்டுக்கு மட்டும் நெட்டை அடைத்தோம். மறுநாள் பேரன் ஓடி வந்தான்.

"அப்பத்தா! விளம்பரமே வரலை, ஜோராப் போகுது!"

மதினி ஒன்றும் தெரியாதவர் போல எள்ளைப் புடைத்துக்கொண்டிருந்தார்.