கொப்பித்தாளில் அச்சான நாளிதழ்

அண்மையில் கனடாவிலிருந்து வந்திருந்த தம்பியின் மகன், என் அலுமாரியிலுள்ள பழைய கடதாசிக் கட்டுகளைப் புரட்டிக்கொண்டிருந்தான். திடீரென ஒன்றை உயர்த்திப் பிடித்து, "பெரியப்பா, இது பேப்பரோ, பள்ளிக்கூடக் கொப்பியோ?" என்று கேட்டான்.

அவன் கையில் இருந்தது 1990களின் முற்பகுதியில் யாழ்ப்பாணத்தில் வெளிவந்த ஒரு நாளிதழின் பிரதி. கோடு போட்ட கொப்பித்தாளில் அச்சிடப்பட்டது. செய்திகள் கோடுகளைப் பொருட்படுத்தாமல் அவற்றின் மேலேயே ஓடிக்கொண்டிருந்தன. கதையைச் சொன்னேன். கேட்டுவிட்டு, "அப்ப அது நல்ல காலம் எண்டு சொல்லுறீங்களோ?" என்றான். அந்தக் கேள்விக்கு உடனே பதில் சொல்ல என்னால் முடியவில்லை. இங்கே சொல்ல முயல்கிறேன்.

1990 யூனில் போர் மீண்டும் தொடங்கியதை அடுத்து வடக்கின் மீது பொருளாதாரத் தடை விழுந்தது. மின்சாரம் நின்றது. பெற்றோல், பற்றறி என்று நீண்ட தடைப் பட்டியலின் விளைவாக அச்சுத்தாளும் அரிதாயிற்று. கிடைத்த தாளில் கிடைத்த அளவுக்கு அச்சிட வேண்டிய நிலை. பக்கங்கள் குறைந்தன, ஆனால் செய்திகள் குறையவில்லை. சாவும் இடம்பெயர்வும் நாளுக்கு நாள் கூடின.

அதுவரை ஒரு கூட்டச் செய்தி எழுதினால், தலைமை வகித்தவர், மாலை அணிவித்தவர், நன்றியுரை கூறியவர் எல்லோரையும் வரிசையாக எழுதுவோம். பெயர் விடுபட்டால் மறுநாள் காலை அலுவலக வாசலில் ஆள் நிற்பார். தாள் அருகியதும் அந்த வழக்கம் ஒரே வாரத்தில் செத்தது. கிளாலிக் கடலில் இன்று படகு ஓடுமா, சங்கக்கடைக்கு அரிசி வந்ததா, எந்த ஊரில் குண்டு விழுந்தது, இறந்தவர் யார்? இவைதாம் செய்தி. நாற்பது வரியில் எழுதியதைப் பத்து வரியில் எழுதக் கற்றோம். அந்தப் பத்து வரி பழைய நாற்பதைவிடத் தெளிவாக இருந்ததை நான் வெட்கத்துடன் கவனித்தேன். அதற்கு முன் பல ஆண்டுகள் நான் வாசகரின் நேரத்தை வீணடித்திருந்தேன் என்பது அப்போதுதான் விளங்கிற்று.

வீட்டிலும் இதே நிலைதான். ஜாம் போத்தலுக்குள் சிறிதளவு மண்ணெண்ணெயும் பஞ்சுத்திரியும் இட்டு விளக்காக்கினோம். எண்ணெய் தீருமுன் எழுதி முடிக்க வேண்டும் என்பதால், எழுத உட்காருமுன்னரே என்ன எழுதுவது என்று யோசித்து முடித்திருப்பேன். சைக்கிள் டைனமோவில் வானொலி இயங்கிற்று. ஒருவர் சக்கரத்தைச் சுழற்ற, அயலவர்கள் கூடியிருந்து பீபீசி தமிழோசை கேட்டோம். செய்தி முடிந்ததும் சுழற்றியவருக்கு ஓய்வு, வானொலிக்கும் ஓய்வு. கை வலிக்கச் சுழற்றிக் கேட்ட செய்தியை யாரும் அரைகுறையாகக் கேட்டதில்லை.

இந்தப் பாடம் எங்கள் மண்ணுக்குப் புதியதன்று. யாழ்ப்பாணக் குடாநாட்டில் ஆண்டு முழுவதும் ஓடும் ஆறு எதுவுமில்லை. சுண்ணாம்புக்கல்லுக்குள் இறங்கித் தேங்கும் மழைநீர்தான் எங்கள் கிணறுகளின் ஒரே முதல். துலா மிதித்து இறைத்த காலத்தில் ஒவ்வொரு பட்டை நீருக்கும் உடம்பு உழைத்தது. அதனால் வாய்க்காலும் பாத்தியும் ஒரு துளியும் வீணாகாதபடி அமைந்தன. வெங்காயமும் மிளகாயும் புகையிலையும் விளைவித்துப் பெயரெடுத்த தோட்டச்செய்கை அந்தக் குறையிலிருந்து பிறந்ததே. நீரிறைக்கும் இயந்திரம் வந்தபின் வேலை இலகுவாயிற்று. அளவுக்கு மீறி இறைத்தோம். பல கிணறுகளில் உவர் ஏறியது. தட்டுப்பாடு காத்த நீரை வசதி கெடுத்தது.

இவ்வளவும் சொன்னபின் தம்பியின் மகனுடைய கேள்விக்கு வருகிறேன். அது நல்ல காலமா? இல்லை. மருந்தில்லாமல் இறந்தவர்களை நான் அறிவேன். அவர்களின் வீட்டு முற்றத்தில் நின்று, தடையினால் சிக்கனம் கற்றோம் என்று சொல்ல எனக்கு வாய் வராது. 1990 ஒக்டோபரில் வடக்கிலிருந்து புலிகளால் வெளியேற்றப்பட்ட முஸ்லிம் மக்கள், பல தலைமுறைகளின் உழைப்பை விட்டுவிட்டு, கையில் எடுக்க விடப்பட்ட சிறிதளவுடன் நடந்தார்கள். 1995 ஒக்டோபர் 30 இரவு வலிகாமத்திலிருந்து இலட்சக்கணக்கானோர் மழையில் நடந்தோம். அந்த மூட்டைகளை எளிய வாழ்வு என்று அழைப்பது கொடுமை.

பத்திரிகையிலும் அப்படித்தான். தாள் இல்லாததால் சுருக்கியது ஒன்று. அச்சத்தால் எழுதாமல் விட்டது வேறொன்று. இரண்டும் மறுநாள் பக்கத்தில் ஒரே அளவு இடத்தைத்தான் மிச்சப்படுத்தின. முதலாவதை நான் கற்ற பாடமாக எண்ணுகிறேன். இரண்டாவது இன்றும் என் மனத்தில் கடனாகவே கிடக்கிறது.

ஆகவே, இல்லாமையைப் புகழும் உரிமை அதை மற்றவர்மீது சுமத்துபவருக்குக் கிடையாது. தூரத்திலிருந்து பார்த்து வியப்பவருக்கும் கிடையாது. அதற்குள் வாழ்ந்தவர், பிற்காலத்தில் தானாக விரும்பி அதிலிருந்து ஏதாவது எடுத்துக்கொண்டால் அது மட்டுமே அவருடைய பலம்.

2022இல் இலங்கை முழுவதும் தட்டுப்பாட்டுக்குள் விழுந்தபோது இதை மறுபடியும் எண்ணினேன். அந்த மார்ச்சில் தாள் இல்லாமல் மேல் மாகாணப் பாடசாலைகளின் தவணைப் பரீட்சைகள் ஒத்திவைக்கப்பட்டன. 'தி ஐலண்ட்', 'திவயின' ஆகிய நாளிதழ்களின் சனிக்கிழமைப் பதிப்பு அச்சேறாமல் நின்றது. மாத இறுதியில் நாளொன்றுக்கு 13 மணி நேரம் வரை மின்வெட்டு. கொழும்பிலிருந்து பழைய சிங்கள நண்பர் ஒருவர் தொலைபேசியில், "நீங்கள் எப்படித்தான் ஐந்து ஆண்டுகள் சமாளித்தீர்கள்?" என்று கேட்டார். அவர் குரலில் கேலி இல்லை. முப்பது ஆண்டுகளுக்குப் பின் கேட்கப்பட்டாலும் அந்தக் கேள்வி எனக்கு ஆறுதலாக இருந்தது. ஜாம் போத்தல் விளக்குச் செய்யும் முறையைச் சொல்லிக் கொடுத்தேன். ஆனால் மண்ணெண்ணெய்க்கு அவர் எங்கே போவார்? அதற்கும் அப்போது வரிசைதான்!

இன்று தாளுக்கும் தடையில்லை, திரைக்கும் எல்லையில்லை. ஒரே செய்தி ஒரு நாளில் நூறு முறை வந்து கையில் விழுகிறது. எங்கள் வீடுகளிலும் அலுமாரி நிறைந்தபின் இன்னோர் அலுமாரி வாங்குகிறோம். புலம்பெயர்ந்த உறவுகளின் வீடுகளில், வாங்கிய பொருளை வைக்க இடம் தேடுவதே ஒரு வேலையாகிவிட்டதைக் கண்டிருக்கிறேன். எதையும் குறை கூறவில்லை. இல்லாமல் வளர்ந்தவர்களின் ஏக்கம் அது, எனக்கும் உண்டு.

எனினும் ஒரு சிறு பழக்கத்தை விடாமல் வைத்திருக்கிறேன். எதை எழுதுமுன்னும், வாங்குமுன்னும், "அன்றைக்கு இருந்த ஒரே கொப்பித்தாளை இதற்குச் செலவழித்திருப்பேனா?" என்று கேட்டுக்கொள்வேன். பாதிக்கு மேற்பட்ட தடவை விடை 'இல்லை' என்றே வருகிறது. இப்படி வேண்டாமென்று விடுவதில் எனக்கு நட்டம் எதுவும் ஏற்பட்டதாக நினைவில்லை.

தம்பியின் மகன் அந்தப் பிரதியைத் தன்னுடன் கொண்டுபோகக் கேட்டான். கொடுத்துவிட்டேன். இந்தக் கட்டுரையை அன்று எழுதியிருந்தால், இரண்டு பந்தி குறைவாகவே எழுதியிருப்பேன். வாசகர்கள் பொறுத்தருள்க.