தண்ணி புகாத பெட்டி தீயை அடக்குமா?

பொங்கலுக்கு ஊருக்குப் போனப்ப ராசிபுரம் பக்கம் ஒரு சேகோ ஆலையைப் பார்த்தேன். குச்சிக்கிழங்கு அரைச்ச கழிவுத்தண்ணியை மூடி போட்ட பெரிய தொட்டியில தேக்கி பயோகேஸ் எடுக்கறாங்க. சேலம், நாமக்கல் பக்கம் நிறைய ஆலையில இது இருக்கு. ஓடையில கலந்து நாத்தம் புடிச்ச தண்ணி இப்ப ஜெனரேட்டர் ஓட்டுது. சந்தோஷம்.

வயித்தெரிச்சல் எங்கன்னா, தொட்டி மேல பிரஷர் சென்சார், லெவல் சென்சார் எல்லாம் வயர்லெஸ். அதையெல்லாம் ஆபீசோட சேர்க்கற ஆக்சஸ் பாயின்ட், கேஸ் வெளிய வர்ற சேஃப்டி வால்வுக்கு ரெண்டடி தள்ளி பைப்புல கட்டியிருக்கு. மாட்டினது நம்ம இனம்தான், சாஃப்ட்வேர் ஆளுங்க. கேட்டா "பாஸ், இது ஐபி67" அப்படின்னு பதில்.

அட சாமி! ஐபி67ன்னா தூசியும் தண்ணியும் உள்ள போகாது, அவ்வளவுதான். பயோகேஸ்ல பெரும்பங்கு மீத்தேன். காத்துல 5லேருந்து 15 சதவீதம் கலந்தா வெடிக்கும். அதைப் பத்த வைக்க சுமார் 0.3 மில்லிஜூல் பொறி போதும். எஃப்எல்பி பெட்டிங்கறது வேற ஜாதி. கேஸ் உள்ள போகும், வெடிக்கவும் செய்யலாம், ஆனா அந்தத் தீ இடுக்கு வழியா வெளிய வர்றதுக்குள்ள ஆறிடணும். அதுக்காகவே கனமா செஞ்சு, டெஸ்ட் பண்ணி சான்றிதழ் தர்றாங்க.

சரி, எஃப்எல்பி பெட்டியே வாங்கிட்டோம்னு வைங்க. இரும்புப் பெட்டிக்குள்ள ரேடியோவை வெச்சா சிக்னல் வராது. உடனே டிரில்லிங் மெஷினை எடுத்து ஓட்டை போட்டு ஆன்டெனாவை வெளிய இழுப்பாங்க. போச்சு, அந்த ஓட்டையோட சான்றிதழும் செத்துச்சு. உள்ள ஏதாவது பழுதானா மின்சாரம் ஆன்டெனா வரைக்கும் வந்து நிக்கும். அதைத் தடுக்க நடுவுல தடுப்புச் சாதனம் இருக்கு, அதுவும் சான்றிதழோட.

"வைஃபை அலையில தீப்பிடிக்குமா?"ன்னு நக்கலா கேக்கறவங்களுக்கு: ஐஇசி 60079 தரத்துல மீத்தேன், எல்பிஜி வகைக்கு 6 வாட், ஹைட்ரஜனுக்கு 2 வாட் வரைக்கும் ரேடியோ சக்திக்கு அனுமதி உண்டு. சாதாரண வைஃபைக்கு மீத்தேன் பக்கத்துல அலை பெரிய பிரச்சனையே இல்ல. நெட்வொர்க் கேபிள்லயே போற 48 வோல்ட்டும், லூசான கனெக்டரும்தான் வில்லன்.

ஆலை ஓனர் சொன்னது: "தம்பி, இத்தனை வருசமா ஒண்ணும் ஆகலீங்களே." 2009 அக்டோபர் 29 சாயங்காலம் வரைக்கும் ஜெய்ப்பூர் பெட்ரோல் டிப்போவுலயும் இந்த அளவுக்கு ஒண்ணும் ஆகலதான். அன்னைக்கு ஒரு மணி நேரத்துக்கு மேல பெட்ரோல் கசிஞ்சு ஆவி பரவுச்சு, 11 பேர் போனாங்க. எஃப்எல்பி இல்லாத மின்சாதனமோ, ஒரு வண்டியை ஸ்டார்ட் பண்ணப்ப வந்த பொறியோ காரணமா இருக்கலாம்னு விசாரணைக் குழு சொல்லுச்சு.

நாமக்கல் கேஸ் டேங்கர் டிரைவர் அண்ணன் யாரையாவது கேட்டுப் பாருங்க. சைலன்சர்ல ஸ்பார்க் அரெஸ்டர் இல்லாம பிளான்ட் கேட்டைத் தாண்ட முடியாது. எர்த் ஒயர் மாட்டாம லோடு ஏத்த முடியாது. அவருக்கு இது அன்றாட வேலை. நாலு வருஷம் இன்ஜினியரிங் படிச்ச நமக்கு இது "ஓவர் பில்டப்"!

செலவு பயம் வேணாம். எங்கெங்க கேஸ் வரும்னு ஒரு ஜோன் வரைபடம் போடுங்க. ஆக்சஸ் பாயின்ட்டை அந்த எல்லைக்கு வெளிய ஒரு கம்பத்துல மாட்டுங்க. ரேடியோவுக்கு அந்தத் தூரம் ஒரு பொருட்டே இல்ல, அதுக்குத்தானய்யா வயர்லெஸ்! உள்ள இருக்கற சென்சார் மட்டும், கேஸைப் பத்த வைக்கற அளவுக்குச் சக்தியே இல்லாத இன்ட்ரின்சிக் சேஃப்டி வகையா, சான்றிதழோட இருக்கட்டும். இதுக்கு மூளைதான் செலவு.

1948 தொழிற்சாலைகள் சட்டத்தோட 37-வது பிரிவுலயே, வெடிக்கற வாயு இருக்கற இடத்துல பொறி கிளப்பற எதையும் விலக்கு, இல்ல நல்லா அடைச்சு வைன்னு எழுதி வெச்சாங்க. வைஃபையைக் கனவுல கூடப் பார்க்காத காலத்து ஆளுங்களுக்கே புரிஞ்சிருக்கு.

டிஸ்கி: அந்த ஆக்சஸ் பாயின்ட்டை இடம் மாத்தறோம்னு சொல்லியிருக்காங்க. அடுத்த தடவை போய் எட்டிப் பார்ப்பேன். நீங்க எழுதின கோடு எங்கெங்க தொங்கிட்டிருக்குன்னு நீங்களும் ஒரு நடை போய்ப் பாருங்க மக்களே.