‘பேமானி’ வெறும் வசைச்சொல்லா?



ஆம்பூர், வாணியம்பாடி கடைத்தெருக்களில் நம் பிள்ளைகள் ஒருவரையொருவர் விளையாட்டாகப் ‘பேமானி’ என்று அழைக்கின்றனர். “அது சென்னைத் தமிழ்; சினிமாவில் வரும் சொல். அதற்கெல்லாமா பொருள் பார்ப்பது?” என்று பெற்றோரும் கடந்துவிடுகின்றனர். பொருள் பார்த்தே ஆகவேண்டும். அச்சொல்லுக்குள் இருப்பது ‘ஈமான்’.

பாரசீகத்தில் ‘பே’ என்றால் ‘இல்லாத’ என்று பொருள். அதனுடன் அரபியின் ‘ஈமான்’ சேர்ந்து ‘பேஈமான்’ ஆயிற்று. உருதுவில் அது நேர்மையற்ற ஆளைக் குறிக்கும். ‘பேஈமானி’ அவன் செய்யும் மோசடியைக் குறிக்கும். உருது பேசும் நம் வீடுகளில் இவ்வேறுபாடு இன்றும் உண்டு. ‘பேஜார்’, ‘உஷார்’ வந்த அதே வழியில் இச்சொல் தமிழுக்குள் வந்தபோது, செயலின் பெயரே ஆளின் பெயராகிவிட்டது.

ஆபத்து இங்கேதான். தீய செயலைக் கண்டிக்குமாறு மார்க்கம் ஏவுகிறது. ஆளுக்கு இழிவான பட்டம் சூட்டுவதையோ அல்ஹுஜுராத் அத்தியாயத்தின் 11ஆம் வசனம் தடுக்கிறது. சகோதரனைக் ‘காஃபிர்’ என்றால் அச்சொல் இருவரில் ஒருவரைச் சேரும் என்ற நபி (ஸல்) அவர்களின் எச்சரிக்கை புகாரியிலும் முஸ்லிமிலும் பதிவாகியுள்ளது. ‘பேமானி’ என்போர் அந்த எண்ணத்தில் சொல்வதில்லை, உண்மைதான். ஆயினும் ஈமானை வசையாக எறிந்து பழகிய நாவுக்கு அதன் கனம் எவ்வாறு விளங்கும்?

மற்றொன்றையும் சிந்திப்போம். ஈமான், அமானத், அமீன் மூன்றும் ஒரே வேரில் பிறந்தவை. நீதிமன்ற ‘அமீனா’வும் அவ்வேரினதே. எடையில் ஏய்ப்பவனைப் ‘பேஈமான்’ என்றழைத்த பாமர மக்கள், வியாபார நாணயமும் ஈமானின் பகுதி என்பதை அறிந்திருந்தனர். நாமோ இரண்டையும் பிரித்துவிட்டோம். முதல் ஸஃப்பில் தொழுதுவிட்டு, தோல் ஷாப்பில் உழைத்தவரின் கூலியை இழுத்தடித்தால் அதற்கு என்ன பெயர்? தோல் பதனிடும் ஆலைகளின் கழிவு பாலாற்றைக் கெடுத்ததை 1996இல் உச்சநீதிமன்றம் கண்டித்து, ஆலைகளுக்கு அபராதமும் விதித்தது. ஆறும் நம்மிடம் ஒப்படைக்கப்பட்ட அமானத் அல்லவா?

எனவே பெற்றோர்களே, பிள்ளை தவறிழைத்தால் “பொய் சொன்னாய்”, “வாக்கு மீறினாய்” என்று செயலைச் சுட்டுங்கள். செயலிலிருந்து தவ்பா செய்து மீளலாம். சூட்டிய பட்டம் எளிதில் நீங்காது. ‘பேஈமானி’ என்ற கேள்வியைப் பிறர்மீது எறியாமல், நம் கணக்குப் புத்தகத்தின் முன் நாமே கேட்டுக்கொள்வோம்.

அல்லாஹ் நம் நாவையும் நாணயத்தையும் பாதுகாப்பானாக. ஆமீன்.